முதல் பதில்

மதுவந்தி சோசியப் பெட்டியை அணைத்து மறுபடியும் போட்டாள். சின்னத் திரையில் மறுபடியும் ‘நல்ல சேதி வரும்’ என்றே வந்தது. பிசிக்ஸ் டீச்சரான அவள், பள்ளிக் கண்காட்சிக்காகக் கட்டைவிரல் அளவு எலக்ட்ரானிக் போர்டில் செய்த பெட்டி அது. பதில்களைக் கலைத்துப்போடும் வரியை ப்ரோக்ராமில் எழுத மறந்துவிட்டதால், போட்டதும் வரும் முதல் பதில் எப்போதும் ஒன்றுதான். திருத்த லேப்டாப்பைத் திறந்தாள்.

“அதுல கை வைக்காதே,” என்றாள் அம்மா விஜயலக்ஷ்மி. “தெனம் கார்த்தால கேட்டுண்டிருக்கேன்.”

“எல்லாருக்கும் இதையேதான் சொல்லும்மா.”

“தெரியும்டீ, அசடு. நாளைக்கு என் பயாப்ஸி ரிசல்ட். இன்னிக்குப் போய் அதுக்குப் புத்தி சொல்லிக் குடுக்கணுமா?”

மறுநாள் காலை அம்மா பெட்டியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். ஆட்டோவில் அடையாறு போனார்கள். இன்னொரு பரிசோதனை வேண்டும் என்றார் டாக்டர். திரும்பும்போது லஸ் கடைத்தெருவில் கத்தரிக்காய் வாங்கினார்கள். மாலையில் மதுவந்தி எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய், கண்காட்சிக்கு இன்னொரு போர்டு வாங்கி வந்தாள்.