இடுக்கியின் தோல்

போர் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் ராசிபுரத்தில் ரசாயன வாத்தியாராக இருந்தேன். என் மனைவி அங்கே ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதை நடத்தியவர் ஒரு டாக்டரம்மா. கண்டிப்பானவர், கைராசிக்காரர். நாமகிரிப்பேட்டைப் பக்கத்திலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மனைவி வேலை முடியும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டாள். முகம் கழுவினாள். சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இனி நானு அங்க போகலீங்க" என்றாள்.

நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைக்கும்போது வடக்கயிறு அறுந்து காலைக் கிழித்துக்கொண்ட குடியானவர் ஒருவரைக் கொண்டுவந்திருந்தார்கள். ரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மா எவர்சில்வர் இடுக்கியால் ரத்தக்குழாயைக் கவ்விப் பிடித்தபோது, இடுக்கியின் முனை ஒடிந்து காயத்துக்குள்ளேயே விழுந்துவிட்டது. தேடி எடுத்து, வேறு இடுக்கி போட்டு, ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் ஒடிந்த இடத்தில் பழுப்பாகக் கறை தெரிந்தது. அதைத் தூக்கிக் காட்டி டாக்டரம்மா எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறார்: "எவர்சில்வர் துருப்பிடிக்குமா? நீ ஒழுங்காகக் கழுவாமல் போட்டிருக்கே. அந்த ஆள் செத்திருந்தால்?"

"தெனமும் என் கையாலதானுங்க கழுவறேன்" என்றாள். அழவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"எவர்சில்வர் சும்மா ஒடியாதே. அந்த இடுக்கி எப்பவாவது வளைஞ்சுதா?" என்று கேட்டேன்.

சற்று யோசித்தாள். மழைக்காலத்தில் ஒரு நாள், கருவிகளை வேகவைக்கும் பெட்டியின் மூடி சிக்கிக்கொண்டதாம். அந்த இடுக்கியைச் செருகி நெம்பித் திறந்தார்களாம். முனை வளைந்துபோக, செவ்வாய்ப்பேட்டையில் தராசு பழுது பார்ப்பவரிடம் கொடுத்துத் தட்டி நிமிர்த்தி வாங்கினார்களாம்.

"நெம்பினது யாரு?"

"டாக்டரம்மாதானுங்க."

"அதை அங்கேயே சொல்றதுதானே?"

"அத்தன பேரு முன்னால எப்படீங்க சொல்றது?"

எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், அதில் கலந்திருக்கும் குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே ஒரு தோலைப் போர்த்திக்கொள்வதுதான். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய தோல்; கீறினாலும் காற்றுப் பட்டால் திரும்ப வந்துவிடும் என்று அவளிடம் சொன்னேன். உள்ளே இருக்கும் உலோகம் வளைந்து கொடுக்கும். தோல் அப்படிக் கொடுக்குமா? கல்லூரியில் படித்தபோது இதை நான் யாரிடமும் கேட்டதில்லை.

மறுநாள் ஞாயிறு. பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு பட்டையை வெட்டினேன். நெசவுக்காரர் வீட்டில் வாங்கிய, நூலுக்குப் போடும் கஞ்சியைத் தனியாகப் பூசிப் பார்த்தேன், உரிந்து வந்துவிட்டது. சுண்ணாம்பைக் கலந்து மெல்லியதாகப் பூசி வெயிலில் காயவைத்தேன். ரப்பர்தான் உலோகம், சுண்ணாம்புதான் தோல். காய்ந்ததும் ஒரு முனையை மனைவியிடம் கொடுத்து மெதுவாக இழுக்கச் சொன்னேன். வெள்ளையின் குறுக்கே மயிரிழைபோல் ஒரு கோடு விழுந்தது. தள்ளி இன்னொன்று. இன்னும் இழுக்க, இரண்டு கோடுகளுக்கு நடுவில் புதிதாக ஒன்று. ஓரளவுக்கு மேல் புதுக் கோடு விழவில்லை. இருந்தவைதான் அகலமாகிக்கொண்டே போயின. இன்னொரு பட்டையை உலக்கையின் மேல் வளைத்தோம். வளைவின் வெளிப்பக்கம் முழுக்க வெடித்திருந்தது.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவள் மட்டும் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, காத்துப் பட்டா அந்தத் தோலு திரும்ப வந்துருமுன்னு சொன்னீங்களே. இந்தச் சுண்ணாம்பு வெடிச்சா வெடிச்சதுதான். அது அப்பிடி இல்லீங்களே?"

அவள் சொன்னது சரி. வெடிப்பதைத்தான் ரப்பர் காட்டியது, ஆறுவதைக் காட்டவில்லை. காற்றில் உடனே ஆறியிருக்க வேண்டிய வெடிப்பு ஏன் ஆறவில்லை?

"நிமித்தி வந்த பிறகு அதை எங்கே வெச்சிருந்தீங்க?"

"ஸ்பிரிட்டு கெடைக்கறதில்லீங்களே. பிளீச்சிங் பவுடரு கரைச்ச தண்ணிச் சாடீல, முனை அடியில இருக்கற மாதிரி. எப்பவும் அதுலதானுங்க கெடக்கும்."

விடை அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. தட்டி நிமிர்த்திய இடத்தில் நுண்ணிய கீறல்கள் இருந்திருக்கும். அவற்றுக்குள் புகுந்து நின்ற குளோரின் தண்ணீர், தோல் மறுபடி மூடவிடாமல் உள்ளே அரித்துக்கொண்டே போயிருக்கும்.

திங்கட்கிழமை காலை பட்டையோடு டாக்டரம்மாவிடம் போனேன். முதலில் எரிச்சலாகத்தான் கேட்டார். பிறகு பட்டையை வாங்கித் தானே இழுத்துப் பார்த்தார். சுண்ணாம்புத் துகள் மேஜையில் உதிர்ந்தது.

"இதுதான் நடந்ததென்று நிச்சயமாகச் சொல்வீர்களா?"

"மாட்டேன். ரப்பரை வைத்து எஃகை ஊகிக்கிறேன். ஆனால் அதே சாடியில், அதே கை கழுவிப் போட்ட, வளையாத மற்ற இடுக்கிகளைப் பாருங்கள்."

சாடியைக் கொண்டுவரச் சொல்லித் தட்டில் கொட்டினார். ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றின் மூட்டில் மட்டும் கடுகளவு பழுப்புப் புள்ளி இருந்தது. மற்றவை பளபளவென்று இருந்தன.

"நெம்பியது நான்தான்" என்றார்.

அன்று சாயங்காலம் டாக்டரம்மாவின் குதிரை வண்டி எங்கள் வீட்டு வாசலில் நின்றது. உள்ளே வந்து உட்கார்ந்தவர், என்னைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்து, "நாளைக்கு வந்துவிடம்மா. நான் பேசியது தப்பு" என்றார்.

"வாரேனுங்கம்மா" என்றாள் அவள். "ஆனா கருவிய இனித் தண்ணீல போட்டு வெக்கமாட்டேனுங்க. வேகவெச்சு, தொடச்சு, காயத்தான் வெப்பேன். இன்னொண்ணுங்க. நீங்க என்னையத் திட்டுனதை எல்லாருங் கேட்டாங்க. இதையும் அவங்க கேக்கோணுமுங்க."

டாக்டரம்மா தலையை மட்டும் அசைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை, வார்டு நடுவில் நின்று, தான் வளைத்த இடுக்கிதான் ஒடிந்தது, நர்ஸ் மேல் குற்றமில்லை என்று உரக்கச் சொன்னாராம். கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்த குடியானவர் உடனே, "அதை உடுங்க சாமி. எனக்குப் பசிக்குது, கஞ்சி எப்பத் தருவீங்க?" என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது என் மனைவி சிரித்தாள்.