மிளகு மட்டும் மிஞ்சியது

எனக்கு யாரையும் சுலபத்தில் நம்பத் தெரியாது. பால்காரர் பால் ஊற்றும்போது அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன், அளவுக் குவளையைத்தான் பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கண்ணை மூடினால் உண்மையாகவே தூங்குகிறாரா என்று கவனிப்பேன். அப்படிப்பட்டவள் கையில்தான் எங்கள் தெரு அம்மன் கோயிலின் சாவி இருந்தது. மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இருக்கிற சாவி அது. காலையில் கம்பிக் கதவைத் திறந்து, முற்றத்தைக் கழுவி, கோலம் போட்டு வைப்பது என் பொறுப்பு. பூசாரி அதற்கு அப்புறம்தான் வருவார்.

செவிலிமேட்டில் எங்கள் பக்கம் புது வீடுகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. கோயில் மட்டும் பழசு. முற்றத்தில், கூரையில்லாத இடத்தில், மஞ்சள் நிற மணற்கல்லில் ஒரு சிங்கம் உட்கார்ந்திருக்கும். இடுப்பு உயரம்கூட இருக்காது. வாய் திறந்தே இருக்கும். மரு வந்தவர்கள் அந்த வாயில் உப்பும் மிளகும் போட்டு வேண்டிக்கொள்வார்கள். உப்பு கரைவதுபோல மருவும் கரைந்துவிடும் என்று நம்பிக்கை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சிங்கத்துக்கு மூக்கு இருந்தது. மீசைகூடக் கோடு கோடாகத் தெரியும்.

முகம் போய்க்கொண்டிருப்பதை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் எதிர்வீட்டு அண்ணன்.

"ஏம்மா, சிங்கத்து மூஞ்சி தேஞ்சிக்கினே போவுதே, பாத்தியா? சாவி உங்கூட்லதானே இருக்குது?"

முதல் கேள்வி சரி. இரண்டாவது கேள்விதான் எனக்கு எரிந்தது. அதற்குள் தெருவில் கதை கிளம்பிவிட்டது. நான் சிங்கத்தைச் சுரண்டித் தூளாக்கி, தோல் வியாதிக்கு மருந்து என்று வெளியூர்க்காரர்களுக்குக் கொடுக்கிறேனாம். ஆடிக் கூழ் ஊற்றுவதற்கு முன்னால் தெருக் கூட்டம் நடக்கும். அதில் சாவியை வேறு வீட்டுக்கு மாற்றப் போகிறார்கள் என்று பூக்காரம்மா வந்து காதைக் கடித்தாள். சாவி போனால் போகட்டும் என்று விட என்னால் முடியாது. போகிற சாவி பழியோடு போகும்.

அவர்கள் ஒரு ஆளைச் சந்தேகப்பட்டால் நான் தெருவையே சந்தேகப்பட்டேன். சிங்கத்தின் முன்னங்கால்களில் தினமும் காலையில் மஞ்சள் நிறக் கல்தூள் கிடக்கும். யாரோ சுரண்டாமல் எப்படி வரும்? பூக்காரம்மா நார் அறுக்கிற கத்தியை எந்தக் கல்லில் தீட்டுகிறாள்? தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டிக் கட்ட வருகிறவர்கள் இடையில் எழுந்து கோயிலுக்குள் ஏன் போகிறார்கள்? எதிர்வீட்டு அண்ணன் மாடி கட்டிக்கொண்டிருந்தார். அவர் படிக்கட்டை ஒட்டிக் கால்வாய் வளைகிற இடத்தில் மஞ்சள் மணல் சேர்ந்துகொண்டே இருந்தது. தன் வீட்டு மணலால் கால்வாயை அடைக்கிறவருக்கு என்னைக் கேள்வி கேட்க வாய் மட்டும் நீளம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில் பின்கட்டுத் துவைக்கிற கல்லின் மேல் வைத்திருந்த, பாத்திரம் தேய்க்கிற என் கம்பி பிரஷ் காணாமல் போயிற்று. எனக்குச் சந்தேகமே இல்லாமல் விளங்கிவிட்டது. என் பிரஷ்ஷால் சிங்கத்தைத் தேய்த்துவிட்டு என் தலையிலேயே கட்டப் பார்க்கிறார்கள். வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "உடுமா, பாத்துக்கலாம்" என்றார்.

நானே காவல் இருந்தேன். பூக்கட்டுகிற சாக்கில் செவ்வாயும் வெள்ளியும் முற்றத்து ஓரம் உட்கார்ந்து ஒவ்வொருவர் கையையும் பார்த்தேன். யாரும் கத்தி எடுக்கவில்லை, சுரண்டவில்லை. வந்தார்கள், உப்பும் மிளகும் போட்டார்கள், குங்குமம் இட்டுக்கொண்டு போனார்கள். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. சிங்கத்தின் தாடையிலிருந்து வடிந்த தண்ணீர் மஞ்சளாக இருந்தது. அது முற்றத்தைக் கடந்து, மதில் ஓட்டை வழியாகக் கால்வாயில் இறங்கி, வேகமாக ஓடியது. குடையோடு பின்னாலேயே போனேன். எதிர்வீட்டுப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் வளைவு வந்ததும் தண்ணீருக்கு வேகம் செத்துப்போய், சுமந்து வந்ததை அங்கேயே இறக்கி வைத்தது. அண்ணன் வீட்டு மணல் என்று நான் முறைத்துக்கொண்டிருந்தது சிங்கத்தின் மூக்கும் மீசையும்தான். கொண்டுபோனவர் யார் என்று தெரிந்துவிட்டது. உதிர்த்தவர் யார்?

மழை விட்டு நாலைந்து வெயில் போன பிறகு, வழக்கம்போலச் சிங்கத்தின் வாயைச் சுத்தம் செய்தேன். கையில் மிளகு வந்தது. உப்பு வரவில்லை. எப்போதுமே மிளகுதான் வரும், உப்பு வராது. அன்றைக்குத்தான் அது உறைத்தது. உப்பைக்கூடவா திருடுவார்கள் என்றுதான் என் புத்தி முதலில் போனது. பிறகு தாடை ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்தேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

எங்கள் குளியலறைச் சுவரில் அதே வெள்ளை உண்டு. உப்பு பூத்த சுவர். தொட்டால் காரை பொலபொலவென்று கொட்டும். இங்கேயும் அதேதான். நான் ஊற்றுகிற தண்ணீரிலும் மழையிலும் உப்பு கரைகிறது, கல் அதைக் குடிக்கிறது. வெயிலில் தண்ணீர் மட்டும் போய்விடுகிறது. உள்ளே தங்கின உப்பு மறுபடி கட்டியாகி, மணலை மணி மணியாக நெட்டித் தள்ளுகிறது. திருடனைப் பிடித்த சந்தோஷம் எனக்கு. கையில் விலங்கு மாட்டத்தான் ஆள் இல்லை.

கூட்டத்தில் எல்லோரையும் சிங்கத்திடம் கூட்டிப்போய்த் தொட்டு நக்கிப் பார்க்கச் சொன்னேன். எதிர்வீட்டு அண்ணன் முகத்தைச் சுளித்தார். "உப்புதாம்பா" என்றார்.

"இங்க சிங்கம் வாயில உப்பு போடாதவங்க யார்னா இருந்தா கைய தூக்குங்க" என்றேன்.

ஒரு கையும் எழவில்லை. அண்ணன் கழுத்தைத் தடவிக்கொண்டார். "நானுந்தான் போட்டேன். மரு உதுந்துச்சே!"

இனிமேல் உப்புக்குத் தனியாக ஒரு தட்டு வைப்பது, சாவி எங்கள் வீட்டிலேயே இருப்பது என்று முடிவாயிற்று. மன்னிப்பு என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. கூழுக்குக் கேழ்வரகு யார் வாங்குவது என்று பேச்சு போய்விட்டது. போகட்டும். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நான் வீட்டுக்கு நடந்த நடையை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்.

பாத்திரம் கழுவப் பின்கட்டுக்குப் போனேன். துவைக்கிற கல்லின் மேல் கம்பி பிரஷ் இருந்தது.

"இது எங்கருந்து வந்துச்சு?" என்று கத்தினேன்.

வீட்டுக்காரர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். "வண்டி டிக்கில இருந்துது."

"யாரு வெச்சது?"

"நாந்தாம்மா. நீ எத தேச்சாலும் வெறி புடிச்ச மாதிரி தேய்ப்ப. குத்துவிளக்குல பூவேல எல்லாம் பூடுச்சி. சிங்கத்தயும் அப்பிடித்தான் தேய்க்கிறயோன்னு... யார்னா பாத்துட்டா சாவி பூடுமேன்னு எடுத்து வெச்சேன்."

"அப்ப இத்தினி நாளும் நாந்தான்னு நெனச்சிக்கினு இருந்தீங்களா?"

தெருவில் ஒரு வீடு விடாமல் சந்தேகப்பட்டவள் நான். தினமும் என்னிடம் சோறு வாங்கிச் சாப்பிட்டவரைப் பற்றி மட்டும் எனக்கு ஒன்றுமே தோன்றியிருக்கவில்லை. தெரு மொத்தமும் பேசியபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது. பிரஷ்ஷை அங்கேயே விட்டுவிட்டு, அன்றைக்குப் பாத்திரங்களை வெறும் கையால் கழுவினேன்.