துப்பறியாத சி.ஐ.டி.

எங்கள் கம்பைநல்லூர் டூரிங் கொட்டகைக்கு அந்த சி.ஐ.டி. படத்தின் ஐந்தாம் பாகம் வந்தது. முந்தைய நான்கையும் வாய்பிளந்து பார்த்தவர்கள் நானும் கணவரும். சமைத்த கையோடு முதல் ஆட்டத்துக்கு ஓடினோம். இந்த முறை சி.ஐ.டி. எதிரி நாட்டு ரகசியத்தைத் தேடாமல் மலைமலையாக ஏறிக் காதல் பாட்டுப் பாடினான். எழுந்துவிட்டேன்.

"உக்காரு, இனிமேத்தான் சண்டை வரும்" என்றார் கணவர்.

"வரட்டுங்க. நீங்க இருந்து பாருங்க, நான் வூட்டுக்குப் போறேன்."

கதவைத் திறந்தால் ஒரே புகை. நான் அணைக்க மறந்த அடுப்பிலிருந்து, விறகுக்கு வைத்திருந்த பருத்திமாரில் தீ பற்றியிருந்தது. குடத்துத் தண்ணீரைக் கொட்டி அணைத்தேன்.

இப்போதெல்லாம் அடுப்பில் தண்ணீர் தெளிக்காமல் வாசல்படி தாண்டுவதில்லை. படம் சலித்தால், யார் கையைப் பிடித்து இழுத்தாலும் உட்காருவதுமில்லை. அன்று அந்த சி.ஐ.டி. ஒழுங்காகத் துப்பறிந்திருந்தால் எங்கள் கூரை மிஞ்சியிருக்காது.