கொலையாளி யாரென்று கேட்டுக்கொண்டிருந்த தனம் அக்கா

தனம் அக்கா இறந்த செய்தி, நம் வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு விமர்சனங்களுக்கு நடுவே வந்தது. மேலே இருந்தவர், வட்டத்தில் படித்த ஒரு மர்ம நாவலின் முடிவு வாசகனை ஏமாற்றுகிறது என்று எழுதியிருந்தார். கீழே இருந்தவர், வாசகன் ஏமாறவேண்டியவன்தான் என்று எழுதியிருந்தார். நடுவில் அக்காவின் மகள் லதா, தமிழ் எழுதத் தெரியாததால் ஆங்கில எழுத்துகளில், அம்மா தவறிவிட்டதாகவும் நாளைக்கு எடுப்பதாகவும் சொல்லியிருந்தார். கீழே எழுதியவர் வாதத்தின் வேகத்தில் அதைக் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு தம் விமர்சனத்தை அழித்துவிட்டார். மரணச் செய்திக்குக் கீழே, 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி மட்டும் நின்றது.

எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது. கடைக்குப் போய் ரொட்டி சானாய் சாப்பிட்டேன். ருசியாகவே இருந்தது.

வட்டத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தனம் அக்கா என்கிற தனபாக்கியம், பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரில் பள்ளி வேன் ஓட்டியவர். சுற்றியிருந்த தோட்டங்களில் பிள்ளைகளை ஏற்றித் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு, மீண்டும் மணி அடிக்கும்வரை வேனிலேயே உட்கார்ந்து மர்மக் கதை படிப்பார். என் மகளும் அந்த வேனில் போனவள்தான். ஒருநாள் பிள்ளைகள் வெகுநேரமாகியும் வரவில்லையே என்று தேடிப் போனேன். வேன் பள்ளி வாசலிலேயே நின்றது. உள்ளே எல்லாப் பிள்ளைகளும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னக்கா, வண்டி கெட்டுப்போச்சா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு தம்பி. இங்க ஒருத்தன் மாட்டப்போறான். மாட்டட்டும், உடனே கெளம்பிர்றேன்."

பின் இருக்கையிலிருந்து ஒரு பையன், "ரெண்டு பக்கந்தான் இருக்கு அங்கிள், பேசாதீங்க" என்றான். தாமதத்தைப் பற்றிப் பெற்றோர்கள் குறை சொன்னதுண்டு. பிள்ளைகள் ஒருவரும் சொன்னதில்லை. மறுநாள் காலையில் வேனில் ஏறும்போதே, "மாட்டிட்டானா ஆண்டி?" என்றுதான் கேட்பார்களாம்.

வட்டம் தொடங்கியபோது நான்தான் அவரைக் கோலா சிலாங்கூருக்கு அழைத்துப் போனேன். சாப்பாட்டுக் கடை மாடியில், மாதத்துக்கு ஒரு கூட்டம். அவர் வந்த முதல் நாளே ஒரு சட்டம் போட்டார்: புத்தகத்தை முடிக்காதவர் முன்னால் முடிவைச் சொல்லக்கூடாது. மீறுகிறவர் எல்லாருக்கும் தேநீர் வாங்கித் தரவேண்டும். வட்டத்தின் சட்டங்களில் கடைப்பிடிக்கப்பட்டது அது ஒன்றுதான்.

கடைசியாக அவர் கையில் எடுத்த புத்தகம், வடக்கே பனி உறையும் ஏதோ ஒரு நாட்டின் காட்டில் நடக்கும் மர்ம நாவல். மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்த ஒருவனின் பிணம், பனி உருகும் பருவத்தில் ஊசியிலை மரத்தடியில் கிடைக்கிறது. சந்தேகத்துக்கு உரியவர்கள் ஆலை முதலாளி, இறந்தவனின் மனைவி, தபால் வண்டி ஓட்டும் ஒரு பெண். துப்புத் துலக்க நகரத்திலிருந்து வரும் இன்ஸ்பெக்டர் நானூறு பக்கம் பனியில் நடக்கிறார்.

இந்த நாவலைப் போல நம் வட்டத்தைப் பிளந்தது வேறெதுவும் இல்லை. தோட்டத்தில் கிராணியாக முப்பது வருடம் கணக்கெழுதி ஓய்வுபெற்ற மாரிமுத்து, இதில் காடு இருக்கிறது, கதை இல்லை என்றார். புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராக இருக்கும் கவிதா, கதை இருக்கிறது, பெண்கள் பேசுவதே இல்லை என்றார். பனியின் வருணனை பொய் என்று சிலர் சொன்னார்கள், உண்மை என்று சிலர் சொன்னார்கள். பனியைப் பார்த்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. முடிவு நேர்மையானது என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

"நான் இன்னும் முடிக்கல. வாயை மூடுறீங்களா, கீழ போயி தேத்தண்ணி சொல்றீங்களா?" என்றார் தனம் அக்கா. மூடிக்கொண்டேன்.

அவர் அதை முடிக்கவே இல்லை. இனிப்பு நீர் வியாதியால் கண் பார்வை போனது. அதே மாதத்தில் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. மருத்துவமனையில் படுத்தபோது, கடைசி அத்தியாயங்கள் மட்டும் பாக்கி. லதா மலாய்ப் பள்ளியில் படித்தவர். அவரால் படித்துக்காட்ட முடியாது. மாரிமுத்து போய்ப் படித்துக்காட்டினார். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் ஆட்களைப் பேர் கூப்பிட்ட குரல் அது. இரண்டாவது பக்கத்திலேயே அக்கா நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"போதும் கிராணியாரே. நீங்க படிக்கிறதுக்கு நான் 'ஆஜர்'னு சொல்லணும்போல இருக்கு. யாரு கொன்னான்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

தம் சட்டத்தை அவரே மீறியது அப்போதுதான். அதிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் அதையே கேட்டிருக்கிறார்.

நான் போனபோது கட்டிலருகே ஆரஞ்சுப் பழங்கள் குவிந்திருந்தன.

"வாங்க தம்பி. எல்லாரும் ஆரஞ்சு வாங்கிட்டு வர்றாங்க. ஒருத்தரும் கொலகாரன் பேர ஒழுங்கா சொல்ல மாட்டேங்குறாங்க லா. கிராணி, முதலாளிங்கிறாரு. கவிதா, பொண்டாட்டிங்குது. ரெண்டு பேரும் ஒரே புத்தகந்தானே படிச்சாங்க?"

"ஒரே புத்தகந்தான்."

"அப்ப யாரு பொய் சொல்றது?"

"ரெண்டு பேரும்."

அவர் முகம் மலர்ந்தது. "நெனச்சேன். தொரைக்கு முன்னாடி ஒரு வார்த்த எதுத்துப் பேசாத மனுசன், புத்தகத்துல முதலாளிய மாட்டிவிடுறாரு பாருங்க. கவிதா, 'அவன் அடிச்சான்கா, அதான் கொன்னுட்டா, சரியாத்தான் செஞ்சா'ங்குது. சரி, நீங்க சொல்லுங்க. நான் தெரிஞ்சுக்காம போக மாட்டேன்."

அவர்கள் ஏன் பொய் சொன்னார்கள் என்பது அந்தக் கட்டிலருகே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. அந்த நாவலில் கொலையாளி இல்லை. ஆலைத் தொழிலாளி வழி தவறினான், களைத்தான், மரத்தடியில் உட்கார்ந்தான், இறந்தான். சாப்பாட்டுக் கடை மாடியில் இதை நேர்மையான முடிவு என்று சொல்வது எளிது. இனிக் கட்டியைத் தொடுவதில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டுப் போன ஒருவரிடம், இதில் குற்றவாளி யாரும் இல்லை என்று சொல்வது வேறு காரியம். ஆனால் அவர் கேட்டது அதைத்தான்.

"யாரும் கொல்லலக்கா."

"என்னது?"

"பனியில வழி தவறிட்டான். நடக்க முடியல. மரத்தடியில உக்காந்தான். அப்படியே தூங்கிட்டான்."

அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பினார். "அப்ப அந்த இன்ஸ்பெக்டரு நானூறு பக்கமா யாரத் தேடுனான்?"

"இல்லாத ஆளை."

"போங்க தம்பி. உங்களுக்குப் பொய் சொல்லவும் வரல. கிராணி சொன்னதாச்சும் கேக்க நல்லா இருந்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்தத் தபால்காரிதான் செஞ்சிருப்பா. வீடு வீடா வண்டி ஓட்டுறவளுக்குத்தான் ஊர்ல எல்லாக் கதையும் தெரியும்."

தாதி வந்து சொட்டு மருந்துப் பையை மாற்றிவிட்டுப் போனார். அக்கா தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன்.

"வலிச்சுதா அவனுக்கு?"

"இல்லக்கா. கடைசில குளிரே தெரியலன்னு இருக்கு. கதகதப்பா இருந்துச்சாம்."

"புத்தகத்துல இருக்கா, நீங்க சேத்ததா?"

"புத்தகத்துலயே இருக்கு."

"அது பரவால்ல" என்றார். "மத்தத எவன் நம்புவான்."

அதற்குப் பிறகு அவரிடம் நான் பேசவில்லை. எடுப்பதற்கு முன் அவர் வீட்டு வாசலில் கூடாரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். மாரிமுத்து என் பக்கம் சாய்ந்தார்.

"நெசத்தச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"எப்படிண்ணே மனசு வந்துச்சு?" என்றார் கவிதா. சண்டை போடுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கையிலிருந்த சோயா பால் பாக்கெட்டில் எழுதியிருந்ததையெல்லாம் படித்து முடித்தேன்.

லதா வந்து என் முன்னால் நின்றார். அழுது முடித்திருந்த முகம்.

"அங்கிள், அம்மா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. நீங்க பொய் சொன்னதுக்கு அவங்களுக்குக் கோவம் இல்லையாம். சீக்காளிகிட்ட எல்லாரும் சொல்றதுதானாம். ஆனா அடுத்த தடவ யாருகிட்டயாச்சும் சொல்லும்போது, ஒரு ஆளையாவது வச்சுச் சொல்லணுமாம். ஆளே இல்லாம சொன்னா மனசு ஆறாதாம்." பிறகு, "என்ன பொய் அங்கிள் சொன்னீங்க?" என்று கேட்டார்.

மாரிமுத்து தரையைப் பார்த்தார். கவிதா என்னைப் பார்த்தார்.

"ஒரு கதையோட முடிவம்மா" என்றேன்.

நண்பர்களே, அந்த முடிவு சரியானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். குழுவில் அதற்காக வாதாடுவதை மட்டும் விட்டுவிட்டேன். அவரிடம் முடிவைச் சொன்ன எங்கள் மூவரில் உண்மையைச் சொன்னவன் நான் ஒருவன். அவர் மன்னித்ததும் என்னை மட்டும்தான். செய்யாத குற்றத்துக்குக் கிடைத்த அந்த மன்னிப்பு என்னிடம் இருக்கிறது. அதை மறுத்துச் சொல்ல இனி அக்கா இல்லை. அதனால் ஏற்றுக்கொண்டேன்.