கம்பத்துப் பெட்டியும் குளவியும்

என் மகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. சிஸ்டம் அட்மின் என்பாள். எங்கள் லயத்து வீடுகளில் யாராவது கேட்டால், தோட்டத்து ஆபீசிலும் ஃபேக்டரியிலும் இருக்கிற கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்கிறாள் என்று சொல்வேன். பள்ளிக்கூடம் போகாத எனக்கு அவ்வளவுதான் விளங்கியது. தேயிலைக் கொழுந்து அரைக்கும் ரோலருக்குப் பக்கத்திலேயே என் காலம் போய்விட்டது. இப்போது அவளைத் தனியாக மலையேற விட மனம் வராமல், ஏணியைத் தூக்கிக்கொண்டு கூடவே போகிறேன். சிறுத்தை நடமாடுகிற இடம்.

அவள் வேலையில் பாதி அலைச்சல்தான். ஒருமுறை ஆபீஸ் கிளார்க் ஐயா, "மெஷினுக்கு உசுரே இல்ல புள்ள, ஓடியா" என்று போன் பண்ணினார். அடைமழையில் பஸ் பிடித்துப் போனோம். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கேத்தலை மாட்டி வைத்திருந்தார். "குளிருக்கு ஒரு தேத்தண்ணி வச்சேன்" என்று சிரித்தார். அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் பிளக்கைத்தான் கேட்பாள்.

இடி முழங்கினால் கரண்டை மட்டும் அணைத்தால் போதாது, நெட் கேபிளையும் பிடுங்கிவிட வேண்டும் என்பாள். கேபிள், மெஷின் இருக்கிற பெட்டிக்குள் நுழையும் முன் கீழே தொங்கி வளைந்து போக வேண்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் அதன்மேல் வழிந்து உள்ளே இறங்கிவிடுமாம். இன்னொன்றும் உண்டு. ஃபேக்டரிப் பெட்டி ஒன்றில் பல்லி கருகி எல்லாம் நின்றுபோன பிறகு, எந்தப் பெட்டியானாலும் திருப்புளியின் பிடியால் நன்றாகத் தட்டிவிட்டுத்தான் திறப்பாள். பல்லி, பூரான் எதுவானாலும் ஓடிவிடும்.

ஒரு காலை, மழை விட்டு வெயில் ஏறிய நேரம். ஃபேக்டரிக்கு நெட் வரவில்லை என்று தோட்டத்து மேனேஜர் தொரை அவளைக் கூப்பிட்டார். நெட் போவது வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே, தேயிலை மலைத் தலைப்பில் நிற்கும் கம்பத்திலிருந்து. கம்பத்தின் உச்சியில், நெட் மெஷின் இருக்கிற ஓர் இரும்புப் பெட்டி. கீழே பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"பெட்டிக்குக் காச்சலா புள்ள? ஊசி போட வந்தியா?"

"ஆமாக்கா. மிச்சமிருந்தா ஒங்களுக்கும் போடுறேன்."

மலையே சிரித்தது. ஏணியைக் கம்பத்தில் சாய்த்து அவள் ஏறினாள். நான் அடியைப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்துச் செடி நிரையில் நின்ற பெண் ஒருத்தி என் கையை இறுக்கினாள். "அண்ணே, சத்தம் போடாதீங்க. கேபிளு போற ஓட்டையப் பாருங்க."

பார்த்தேன். குளவி. ஒன்று உள்ளே போக, ஒன்று வெளியே வந்தது.

அதே மலையில் குளவி கொட்டிச் செத்த ஒருத்தியைக் கம்பளியில் சுற்றி லொறிக்குத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். வீங்கிய அந்த முகம் யாருடையது என்றே எனக்குத் தெரியவில்லை.

மேலே என் மகள் திருப்புளியைத் திருப்பிப் பிடித்துவிட்டாள். கத்தினால் திடுக்கிட்டுப் பெட்டியில் சாய்வாள். ஏணியை அசைத்தால் கம்பம் அதிரும். அதற்குள் அந்தப் பெண் தலைத்துணியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு சத்தமில்லாமல் குந்தினாள். அதைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து அடுத்தவள். குளவியைக் கண்டால் மலையில் யாரும் கத்துவதில்லை, இப்படித்தான் சொல்வார்கள்.

தட்டுவதற்கு முன், "கெட்டியா புடிங்கப்பா" என்று சொல்லக் கீழே குனிந்தவள், என்னைத் தவிர மலையில் ஓர் ஆள்கூட இல்லாததைக் கண்டாள். லயத்தில் பிறந்த பிள்ளை. ஓங்கிய கை அப்படியே நின்றது.

ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவள் புறங்கையில் ஒரு குளவி நடந்துகொண்டிருந்தது. கையை உதறவில்லை. கடைசிப் படிக்கு வந்தபோது திருப்புளி நழுவி ஏணியில் 'டங்' என்று விழுந்தது.

அவளை இழுத்துக்கொண்டு செடிகளுக்கு அடியில் குப்புற விழுந்தேன். அந்தப் பெண் இடுப்பில் கட்டியிருந்த தார்ப்பாய்ப் படங்கை அவிழ்த்து எங்கள்மேல் எறிந்தாள். படங்குக்கு வெளியே ரோலர் ஓடுவதுபோல இரைச்சல். என் பிடரியில் நெருப்பு வைத்ததுபோல ஒன்று கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். என் நெஞ்சுக்குக் கீழே அவள் முதுகு நடுங்கிக்கொண்டே இருந்தது.

இரைச்சல் அடங்கிய பிறகு அவள் போன் அதிர்ந்தது. தொரை.

"ஏன் இன்னும் லைன் வரல?"

"பெட்டியில குளவி கூடு சார்." அவள் குரல் காற்றாகத்தான் வந்தது. "கூட்டை எடுக்கிற வரைக்கும் நான் ஏற மாட்டேன்."

"ஒரு பெட்டியத் தொறக்க இவ்வளவு பயமா?"

"ஆமா சார். பயந்தான்."

பெண்கள் ஊர்ந்து இறங்கினார்கள். நாங்களும் நிரைக்கு நடுவே முழங்காலில் ஊர்ந்தோம். அவள் முன்னால், நான் பின்னால். ரோட்டுக்கு வந்த பிறகும் அவள் நிமிரவில்லை, முதுகை வளைத்துக்கொண்டே நடந்தாள். நிமிர்ந்து நடம்மா என்று சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை.