டிக்கிக்குள் ஒரு வழிசல்

பெயின்ட் வழிந்திருந்தால் எனக்குக் கோபம் வரும். கோபப்படுவதற்குத்தான் சம்பளமே. ஸ்ரீசிட்டியில் ஒரு கார் தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். தினமும் திருப்பதியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய், டார்ச் அடித்து கார் கதவுகளைப் பார்த்து, மிளகளவு வழிசல் தெரிந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புகிறவள். பெயின்ட் பிரிவு ஆட்கள் என்னைக் கண்டதும் "வந்துட்டாங்கய்யா" என்று முணுமுணுப்பது காதில் விழாமல் இல்லை. முணுமுணுக்கட்டும்.

அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் ஒரு பெயின்டர் முன்னால் நின்று, "கொஞ்சம் மோசமா அடிச்சுக் குடுங்க" என்று கெஞ்சினேன். எல்லாம் ஒரு புத்தகத்தால் வந்த வினை.

என்னிடம் ஒரு பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இரண்டே சீட், துணிக்கூரை. குப்பத்தில் ஒரு கிரானைட் குவாரிக்காரரின் ஷெட்டில், சீட்டில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழியை விரட்டிவிட்டு வாங்கினேன். நாலு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அது விழுங்கிவிட்டது. இந்த வகைக் கார்களை அசல் நிலைக்குக் கொண்டுவருவதற்கென்றே இங்கிலாந்தில் ஒரு கையேடு போட்டிருக்கிறார்கள். எந்த வருடத்துக் காரில் எந்த ஸ்க்ரூ, அதன் தலை உருண்டையா தட்டையா, வயரைச் சுற்றிய டேப் என்ன நிறம், எல்லாம் படத்தோடு இருக்கும். வரவழைத்த நாளிலிருந்து அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

சென்னையில் வருடா வருடம் பழைய கார்களைக் கூட்டி நிறுத்துவார்கள். எவ்வளவு அசலாக இருக்கிறது என்று மதிப்பெண் போட்டு, தேறிய காருக்குச் சொந்தக்காரர் பெயர் போட்டுச் சான்றிதழ் கொடுப்பார்கள். முன்பு ஒரு முறை அரைகுறையாக என் காரைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் "சார் எங்கே?" என்றார்கள். ஒருவர், போட்டோ எடுக்கணும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா என்று என்னையே என் காரை விட்டு நகர்த்தினார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அந்தச் சான்றிதழில் என் பெயர் வந்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எல்லாம் முடிந்து டிக்கி மட்டும் பாக்கி. கையேடு என்ன சொல்கிறது என்றால், அந்தக் காலத்துத் தொழிலாளர்கள் டிக்கிக்குள் அவசர அவசரமாக அடித்துவிட்டுப் போய்விடுவார்களாம். அதனால் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தின் இடது மூலையில் பெயின்ட் வழிந்து, கட்டைவிரல் நீளத்துக்கு உறைந்து நிற்குமாம். அதைச் சுத்தமாக அடித்தால் மதிப்பெண் போய்விடுமாம். பக்கத்திலேயே படம்.

பெயின்டர் லாரிக்கு நிறம் அடித்து, பின்பக்கம் மயிலும் தாமரையும் வரைகிறவர். சித்தூரில் அவரை விட்டால் ஆள் இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

"இன்னா மேடம் இது? எவனோ குடிச்சிட்டு அடிச்சிக்கீறான். இத்த சரி பண்ணணுமா?"

"இல்லைங்க. இதே மாதிரி வேணும்."

அவர் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். "முப்பது வருசமா அடிச்சிக்கினு கீறேன். ஒரு சொட்டு ஒழுவினதில்ல. நாளைக்கி எவனாவது தொறந்து பாத்தா, கை நடுங்கிப்போச்சி, அந்தாளுகிட்ட போவாதன்னு ஊரெல்லாம் சொல்லுவான். நா துன்ற சோத்துல மண்ணள்ளிப் போடாதீங்க மேடம்."

சான்றிதழ் கதையைச் சொன்னேன். தள்ளி நிற்கச் சொன்ன ஆளைப் பற்றியும் சொன்னேன். அவருக்கே கோபம் வந்துவிட்டது. சரி, செய்கிறேன் என்றார்.

அடுத்த ஞாயிறு டிக்கியைத் திறந்தால் உள்ளே என் முகம் தெரிகிறது. அவ்வளவு சுத்தம்.

"வழிசல் எங்கே?"

"வெச்சேன் மேடம். வெச்சிட்டு டீ குடிக்கப் போனேன். மனசு கேக்கல. வந்து தொடச்சிட்டேன்."

இப்படியே நாலு ஞாயிறு போயிற்று. நாலாவது ஞாயிறு, கொடுங்கய்யா இப்படி என்று ஸ்பிரே கன்னைப் பிடுங்கி நானே அடித்தேன். வழிசலா அது, பள்ளம் முழுக்கக் குளம். "வத்து மேடம், வத்து, வேணாம்" என்று தெலுங்கும் தமிழுமாகக் கத்திக்கொண்டு அவர் தின்னர் துணியோடு ஓடிவந்தார். கன்னை அங்கேயே போட்டுவிட்டு நான் பஸ் ஏறிவிட்டேன்.

ஐந்தாவது வாரம் அவரே போன் செய்தார். "வந்து பாருங்க. ஆயிப்போச்சி."

பார்த்தேன். அதே மூலை, அதே கட்டைவிரல் நீளம், நுனியில் தடித்த ஒரு சொட்டு. கையேட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசல்! "தொட்டுடாதீங்க, ஈரம்" என்றார். காய்ந்த பிறகும் நான் தொடவில்லை. ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். வீட்டுக்குக் கொண்டுவந்து, தினமும் சாயங்காலம் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவேன்.

சென்னைக்குக் கிளம்பும் முன் மலையடிவாரத்தில் அலிபிரியில் பூஜை போடலாம் என்றார் என் வீட்டுக்காரர். கோயில் கைங்கர்யக் குடும்பம். பானெட் மேல் நாமம் இட வேண்டுமாம். கூடாது என்றேன்.

"ஏண்டி, திருமண் இடப்படாதுன்னு உன் புஸ்தகத்துல எழுதியிருக்கா?"

"இடலாம்னும் எழுதலையே."

கடைசியில் எலுமிச்சம்பழம் மட்டும் நசுங்கியது.

சென்னையில் நடுவர் ஒரு பெரியவர். கையில் டார்ச்சும் அதே கையேடும். எஞ்சின், சீட், வயர் டேப், எல்லாவற்றுக்கும் டிக். டிக்கியைத் திறந்து மூலையில் டார்ச் அடித்தார். முகமெல்லாம் சிரிப்பு. "இதைக்கூட விடலையாம்மா!" என்று அதற்கும் டிக் போட்டுவிட்டு, பிரியமாக அந்தச் சொட்டின் மேல் விரலை வைத்தார். விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுபடி தடவினார்.

"இது வழியலையேம்மா. வரைஞ்சிருக்கு."

நானும் தொட்டேன். மழமழவென்று இருந்தது. அடியில் ஒரு குறையுமில்லாத பெயின்ட். அதன் மேல் மெல்லிய பிரஷ்ஷால் ஒரு வழிசலின் படம், பளபளப்புக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, கீழே நிழல். பெரியவர் வருத்தத்தோடு, போட்ட டிக்கின் மேல் கோடு கிழித்தார். ஒரே ஒரு மதிப்பெண்ணில் சான்றிதழ் போயிற்று.

அங்கேயே நின்று பெயின்டருக்குப் போன் போட்டேன். "என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க? போச்சு, எல்லாம் போச்சு!" பக்கத்துக் கார்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தப்புதான் மேடம். ஒழுவ உட கை வரல. கடசில பிரஸ்ஸ எடுத்துட்டேன்." பிறகு குரலைத் தணித்துக் கேட்டார். "எப்டி கண்டுபிடிச்சாங்க?"

"தொட்டுப் பார்த்தார்."

"தொடறதுக்கு முன்னால?"

"டிக் போட்டுட்டார்."

"நீங்க ஒரு மாசமா பாத்துக்கினுதான இருந்தீங்க. டெய்லி இதே வேலதான உங்களுக்கு. உங்களுக்குமா தெரியல?"

கத்தத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. "தெரியலைங்க," என்றேன்.

"அய்ய, அழுவாதீங்க மேடம்." சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை அவருக்கு. "அடுத்த வருசத்துக்குள்ள அது மேல வார்னிஷ ஏத்தி மேடாக்கிடறேன். தொட்டாலும் தெரியாது. ஒழுவ உட மட்டும் சொல்லாதீங்க, அது என்னால ஆவாது."