அறுந்த இணைப்பும் ஐம்பதாண்டு வழக்கும்

பெரிய கோப்புகளைத் தேடல் சர்வருக்கு அனுப்பிப் பிழைப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: அதற்குக் கோபம் வந்தால் காரணம் சொல்லாது, பேச்சை முறித்துக்கொள்ளும். பதினெட்டு ஆண்டுகள் மெல்பர்னில் இருந்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பிய புதிதில், லிட்டில் இந்தியாவில் ஒரு மாடி அலுவலகத்தில் சேர்ந்தேன். முதல் வேலை, தமிழ்க் கத்தோலிக்கக் கோயில் பங்கு ஒன்றின் பழைய மாத இதழ்களை, ஒரு சொல்லைத் தட்டினால் உரிய பக்கம் வரும்படி சர்வரில் ஏற்றுவது.

வயர் மேல் பழி

எழுபதுகளின் இதழ்களை அனுப்பும்போதெல்லாம் பாதியில் 'இணைப்பு அறுந்தது' என்று வரும். நீங்களும் இதைத்தான் செய்திருப்பீர்கள்: வயரை மாற்றினேன், வைஃபையை அணைத்துப் போட்டேன், காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன். பூன் லேயிலிருந்து வரும் சக ஊழியர் செல்வம், மதுரைக்காரர், கோப்பிக் குவளையோடு பின்னால் நின்று பார்த்தார்.

"மூணு வயர் மாத்தியாச்சுண்ணே. நாற்காலியையும் மாத்திப் பாருங்க."

யார் லேட்?

அவசரம் அந்தப் பங்கைச் சேர்ந்த ஆண்டனி அங்கிளுக்கு. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிறன்று அவருக்கும் ஸ்டெல்லா ஆன்ட்டிக்கும் கல்யாணப் பொன்விழாப் பூசை. கல்யாணத்தன்று கோயிலுக்குத் தாமதமாக வந்தது யார் என்பதில் இருவருக்கும் ஐம்பது ஆண்டுகளாக வழக்கு. பங்கு இதழில் எழுதியிருக்கிறது என்று சாதித்தார் அங்கிள். எந்த மாதம் என்று மட்டும் தெரியாது. கல்யாணச் செய்தியை இடம் கிடைக்கும்போதுதான் போடுவார்களாம், சில சமயம் அடுத்த வருஷம்கூட. புரட்டிப் புரட்டி அவருக்குக் கண் வலித்ததுதான் மிச்சம்.

"கண்டுபிடிங்க தம்பி," என்றார் ஆன்ட்டி. "சண்டே பூசையில, ஃபாதர் முன்னாடி, யாரு மன்னிப்புக் கேக்கணும்னு தெரியணும் லா."

கிளமெண்டிப் பாடகர்

எண்பதுகளின் இதழ்கள் மட்டும் ஒரு முரண்டும் இல்லாமல் ஏறின. சோதிக்கலாமே என்று, நான் வளர்ந்த பேட்டையின் பெயரை, 'கிளமெண்டி' எனத் தட்டினேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் பிள்ளைகளின் படம் வந்தது. ஓரத்தில், வாயே திறக்காமல், நான். அம்மா கஞ்சி போட்டுத் தேய்த்த அந்தச் சட்டைக் காலர் இப்போதும் கழுத்தை அறுத்தது. வேலையை மறந்து உட்கார்ந்துவிட்டேன்.

செல்வம் எட்டிப் பார்த்தார். எண்பதுகளில் ஒவ்வோர் இதழும் தனிக் கோப்பு. எழுபதுகளிலோ பங்கு அலுவலகம் ஐந்தாண்டு இதழ்களை ஒரே தடிப் புத்தகமாகத் தைத்து வைத்திருந்தது. நாங்களும் அப்படியே ஸ்கேன் செய்து ஒரே கோப்பாக அனுப்பிக்கொண்டிருந்தோம்.

"சின்னது போகுது, குண்டு மாட்டுது. தையலைப் பிரிங்கண்ணே."

தீர்ப்பு

அதேதான். ஒரு தடவையில் இவ்வளவுதான் வாங்குவேன் என்று சர்வருக்கு ஓர் அளவு இருந்தது. மிஞ்சினால் பாதியிலேயே கதவைச் சாத்திவிடும்; 'பெரிசா இருக்கு' என்று சொல்லாது. மாத வாரியாகப் பிரித்து ஒவ்வொன்றாக அனுப்பினேன். எல்லாம் ஏறின.

சனிக்கிழமை மதியம் இருவரும் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, 'ஸ்டெல்லா' என்று தட்டினேன். கல்யாணம் முடிந்து எட்டு மாதம் கழித்து வந்த இதழ். ஆன்ட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்: 'கப்பலில் சரக்கு இறக்க நின்றுவிட்ட மணமகன் வரும்வரை, மணமகள் முக்கால் மணி நேரம் பாடற்குழுவோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்.' இன்னொரு தடவையும் படித்தார், இன்னும் உரக்க.

அங்கிள் என்னைப் பார்த்தார். "அந்த சர்வர் வேணாம் வேணாம்னு அத்தனை தடவை சொல்லிச்சே தம்பி, நீங்க கேட்டிருக்கலாம் லா."

இப்போதெல்லாம் எந்த இணைப்பு அறுந்தாலும் வயரைத் தொடுவதற்கு முன், ஒரே மூச்சில் எவ்வளவை அனுப்பினேன் என்றுதான் பார்க்கிறேன். பதினெட்டு ஆண்டுகளை ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியவனுக்கு அது புரிய, ஆண்டனி அங்கிளைப் போலவே, கொஞ்சம் தாமதமாகிவிட்டது.